படிக்காமல் பெற்ற பரிசு!

நம் வீட்டுக் கூடத்திலே கேடயம் ஒன்று இருக்கிறது. கல்லூரிப் பேச்சுப் போட்டியிலே முதற்பரிசாகக் கிடைத்தது. விருந்தினர் வந்தால் அம்மா அதைத்தான் முதலில் காட்டுவார்கள். "எங்க பொண்ணு பேசி வாங்கினது" என்பார்கள், பெருமை பொங்க. நாமோ அந்த நேரம் பார்த்து அடுக்களைக்குள் நுழைந்துவிடுவோம். அடக்கத்தால் அல்ல, அன்பர்களே! வெட்கத்தால்!

ஏன் வெட்கம்? திருடிய பரிசா? இல்லை. நடுவர் ஓரவஞ்சனை செய்தாரா? அதுவும் இல்லை. படிக்காமல் பெற்ற பரிசு அது! ஒரு கதையைப் படிக்காமலே, அந்தக் கதை மாணவர் கண்ணிலே படக்கூடாது என்று பேசினோம். கைதட்டினார்கள். கேடயம் தந்தார்கள். வாங்கிக்கொண்டு ஆழ்வார்பேட்டைக்குத் திரும்பினோம், வெற்றி வீரரைப் போல! இன்று ஆசிரியப் பணியிலே அமர்ந்து, மாணவர் முகங்களை நாள்தோறும் பார்க்கும்போது, அந்தப் பழைய கணக்கைத் தீர்த்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. ஆகவே எழுதுகிறோம்.

நாம் கல்லூரிப் படி ஏறியது 2015-ஆம் ஆண்டு. அதற்கு ஓராண்டு முன்னர், 2014-இல், சென்னைப் பல்கலைக்கழகம் இளங்கலை மாணவருக்கான தமிழ்ப் பாடத்திலிருந்து இரண்டு சிறுகதைகளை நீக்கியது. 'துன்பக்கேணி' ஒன்று, 'பொன்னகரம்' மற்றொன்று. இரண்டும் புதுமைப்பித்தன் எழுதியவை. 1930-களில் 'மணிக்கொடி' ஏட்டிலே வந்தவை. 1948-இல் மறைந்த அவருடைய எழுத்துகளை 2002-இல் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிற்று. நாட்டுக்கு உடைமையான எழுத்து, பன்னிரண்டே ஆண்டுகளில் பாடநூலுக்கு ஆகாத எழுத்தாயிற்று! ஒடுக்கப்பட்ட மக்களைப் புண்படுத்தும் சித்தரிப்பு அதிலே இருக்கிறது என்று எழுந்த எதிர்ப்பே காரணமாகச் சொல்லப்பட்டது.

2016-ஆம் ஆண்டு சூலை 5-ஆம் நாள் வேறொரு செய்தி வந்தது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' புதினம் குறித்த வழக்கிலே சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்று தீர்ப்பளித்தது. நூல் பிடிக்கவில்லையென்றால் மூடிவைத்துவிடலாமே, படித்தே தீரவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பிலே இருந்தது. ஊரெங்கும் அதே பேச்சு. நம் கல்லூரி மன்றத்திலும் அதையொட்டி ஒரு போட்டி. தலைப்பு: 'இருண்ட கதைகள் மாணவர்க்கு வேண்டுமா?'

வேண்டா என்ற கட்சி நம்முடையது. எப்படி முழங்கினோம் தெரியுமா? "நீதிமன்றம் சொன்னது கடையிலே காசு கொடுத்து நூல் வாங்குபவனுக்கு! பிடிக்காவிட்டால் அவன் மூடிவைக்கலாம். மாணவன் மூடிவைக்க முடியுமா? தேர்வு கேட்குமே! மதிப்பெண் போகுமே! கட்டாயத்தின் பேரால் கசப்பை ஊட்டலாமா? வளரும் பயிருக்கு வெயில் வேண்டும், இருட்டா வேண்டும்?" என்றோம். அரங்கம் அதிர்ந்தது. 'பொன்னகரம்' என்ற பெயரைச் சொல்லி, கற்பை விற்ற பெண்ணின் கதை என்று ஒரே வரியிலே அதைத் தூக்கி எறிந்தோம். அந்த வரிக்குத்தான் கைதட்டல் மிகுதி!

மேடையை விட்டு இறங்கியதும் வகுப்புத் தோழி ஒருத்தி வந்தாள். பெயர் வேண்டா. ஆழ்வார்பேட்டையிலேதான் அவளும் இருந்தாள். ஆனால் அவள் ஆழ்வார்பேட்டை வேறு, நம் ஆழ்வார்பேட்டை வேறு. நம்முடையது மார்கழி வந்தால் சபாக்களிலே கச்சேரி கேட்டு, இடைவேளையிலே காப்பி குடிக்கும் ஆழ்வார்பேட்டை. அவளுடையது தண்ணீர் லாரி வரும் நேரம் பார்த்துக் குடத்தை வரிசையிலே வைத்துவிட்டு விடியுமுன் காத்திருக்கும் ஆழ்வார்பேட்டை. அவள் தாய் நான்கு வீடுகளிலே பாத்திரம் துலக்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். அதில் ஒரு வீடு நம் வீட்டுக்கு எதிர்வீடு என்பதே அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது!

"நல்லா பேசினே. கதையைப் படிச்சியா?" என்றாள்.

நாம் வாய் திறக்கவில்லை. அவள் பையிலிருந்து நகலெடுத்த தாள்கள் சிலவற்றை எடுத்து நீட்டினாள். "எங்க அக்காவுக்குப் பாடமா இருந்தது. முதல்ல படி. அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கோபம் இல்லை அவள் குரலிலே. கோபித்திருந்தால் தப்பித்திருப்போம்!

அன்றிரவு படித்தோம். சில நிமிடங்களிலே முடிந்துவிடும் கதை. குதிரை வண்டி ஓட்டும் கணவன் அடிபட்டுப் படுத்துக் கிடக்கிறான். பால் கஞ்சி கேட்கிறான். வீட்டிலே காசு இல்லை. ஆலைத் தொழிலாளியான அம்மாளு தண்ணீருக்குப் போகிறாள். இருட்டுச் சந்து ஒன்றிலே ஒருவனோடு மறைகிறாள். முக்கால் ரூபாயோடு திரும்புகிறாள். அவ்வளவுதான். கடைசியிலே எழுத்தாளர் நம்மைப் பார்த்தே திரும்பிக் கேட்கிறார், கற்பைப் பற்றி வாய்கிழியப் பேசுகிறீர்களே என்று. கதை வந்தது 1934-இல். கேள்வியோ, 2016-இல் மேடையேறிப் பேசிவிட்டு வந்த நமக்காகவே எழுதியதைப் போல இருந்தது. கற்பை விற்ற பெண்ணின் கதை என்றோமே! அது பால் வாங்கக் காசில்லாத நகரத்தின் கதையன்றோ! குற்றவாளிக் கூண்டிலே அம்மாளுவை நிறுத்தினோம் நாம். கதையோ நம்மையல்லவா கூண்டிலே நிறுத்தியிருக்கிறது!

படித்து முடித்து நிமிர்ந்தபோது கூடத்திலே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நாள்தோறும் வரும் நெடுந்தொடர். மருமகள் குடிக்கும் பாலிலே நஞ்சு கலக்கிறாள் ஒருத்தி. இசை முழங்குகிறது. ஒரே காட்சி மூன்று முறை காட்டப்படுகிறது. வீடே பார்த்துக்கொண்டிருக்கிறது, இட்லியைச் சட்னியிலே தோய்த்தபடி! இதை இருண்ட கதை என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லவும் இல்லை. கணவனுக்குப் பால் தேடியவளின் கதை ஆகாது. பாலிலே நஞ்சு கலப்பவளின் கதை அன்றாடம் ஆகும்! இந்த வேறுபாடு நம் நெஞ்சிலே முள்ளாகத் தைத்தது.

எது இருட்டு? இரண்டிலும் கொடுமை இருக்கிறது. ஒன்றிலே கொடுமை சரக்கு; நாளைக்கும் நாம் வந்து உட்கார வேண்டும் என்பதற்காக நறுக்கி நறுக்கி விற்கப்படுகிறது. மற்றதிலே கொடுமை சாட்சியம். பார்த்தபின் நம்மைச் சும்மா உட்காரவிடாது. சரக்கையும் சாட்சியத்தையும் பிரித்தறியத் தெரியாததால்தான் சாட்சியத்தைத் துரத்திவிட்டுச் சரக்குக்கு நடுக்கூடத்திலே நாற்காலி போட்டிருந்தோம்!

பாட்டி கேட்டார்கள், என்ன படிக்கிறாய் என்று. சொன்னோம். தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார்கள். "இப்படித்தான் விகடன்ல ஒரு கதை வந்தப்பவும் சண்டை" என்று தொடங்கினார்கள்.

அது 1966-ஆம் ஆண்டு. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' ஆனந்த விகடனிலே வந்தது. மழை நாளிலே முன்பின் அறியாதவனின் காரிலே ஏறிய கல்லூரி மாணவி கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் பதறுகிறாள், அடிக்கிறாள். பிறகு தெளிந்து, மகளின் தலையிலே தண்ணீரை ஊற்றி, நீ தூயவள் என்கிறாள். தமிழகமே இரண்டுபட்டது. ஒரு தாய் இப்படிச் செய்வாளா, இப்படி எழுதலாமா என்று வாதம். அந்தத் தாய் ஊரைக் கூட்டி அலறியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்வு என்னவாகும் என்ற எதிர்க்கேள்வியிலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' புதினத்தை எழுதினார் ஜெயகாந்தன். அதற்கு 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. 1977-இல் திரைப்படமும் ஆயிற்று.

பாட்டிக்கு அப்போது இருபது வயது. டி.டி.கே. சாலையை இன்றைக்கும் மௌபரீஸ் ரோடு என்றே சொல்பவர்கள் அவர்கள். "கதையில அம்மா தண்ணி ஊத்தினா. எங்க தெருவுல ஒருத்தி இருந்தா. அவளுக்கு ஊத்த யாருமில்லை. கிணறுதான் இருந்தது" என்றார்கள்.

திகைத்துப் போனோம். இத்தனை ஆண்டுகளிலே இதைச் சொன்னதே இல்லையே, ஏன் என்று கேட்டோம்.

"யாரும் கேக்கலையே. அந்தக் கதை வந்ததாலதான் அன்னிக்கு நாங்க பொம்பளைங்க எங்களுக்குள்ள பேசினோம். நீ ஒரு கதையைப் படிச்சதால இன்னிக்குப் பேசறேன்."

அன்றிரவு நமக்கு விளங்கியது இதுதான்: இருண்ட கதை இருட்டை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் இருட்டுக்குப் பெயர் சூட்டுகிறது. பெயர் கிடைத்தால்தான் பேச முடியும். பேசினால்தான் கிணற்றுக்குப் போகிறவளை யாரேனும் கைபிடித்து நிறுத்த முடியும்!

மறுநாள் தோழியிடம் போனோம். தோற்றோம் என்றோம். அவள் சிரித்தாள். ஆனால் நாம் எதிர்பார்த்ததை அவள் சொல்லவில்லை. "கதை நல்லதுதான். ஆனா எதிர்த்தவங்க எல்லாரும் முட்டாளுங்கன்னு நினைச்சுடாதே" என்றாள். 'துன்பக்கேணி' நம் நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதி என்னும் ஒடுக்கப்பட்ட பெண்ணின் கதை. அங்கே அவள் உடலும் வாழ்வும் சூறையாடப்படுகின்றன. அந்தக் கதையிலே வரும் சாதிப் பெயரை அவள் அக்காவின் வகுப்பிலே ஒருவன் உரக்கப் படித்துவிட்டு, ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தானாம். ஆசிரியர் கேளாதவர்போல் அடுத்த பத்திக்குப் போய்விட்டாராம். "சொல்லு வலிச்சது. சிரிப்பு அதைவிட வலிச்சது. அப்புறம் கதையை எடுத்துட்டாங்க. சிரிப்பை யாரும் எடுக்கலை" என்றாள்.

எவ்வளவு பெரிய உண்மை, அன்பர்களே! புண்பட்டது பொய்யல்ல. ஆனால் புண்படுத்தியது எழுதியவனின் பேனா மட்டுமா? கற்பிக்காத வகுப்பறையும் அல்லவா? கதையை நீக்குவது எளிது. ஓர் ஆணை போதும். சிரிப்பை நீக்குவது கடினம். அதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும். எளியதைச் செய்துவிட்டுக் கடமை முடிந்தது என்று கைகழுவிவிட்டோம் எல்லாரும்.

அப்போதுதான் ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் வேர்விட்டது.

பின்னாளில் ஒரு பழைய வழக்கைப் பற்றிப் படித்தோம். 1988-இல் தூர்தர்சனிலே 'தமஸ்' என்னும் தொடர் ஒளிபரப்பாயிற்று. வடமொழியிலே தமஸ் என்றால் இருள். பெயரே இருள்! பீஷ்ம சாஹ்னியின் புதினத்தைக் கோவிந்த் நிஹலானி தொடராக எடுத்திருந்தார். நாட்டுப் பிரிவினைக் காலத்தின் மதக் கலவரங்களைக் காட்டிய கதை அது. இதைக் காட்டினால் பகை மூளும், நிறுத்துங்கள் என்று நீதிமன்றம் போனார்கள். பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள் இருவர் என்ன செய்தார்கள்? தொடரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார்கள், தடை வேண்டா என்று. அவ்வாண்டு பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் அந்த முடிவையே எடுத்தது. ஒரு படைப்பின் விளைவை, எதைக் கண்டாலும் அஞ்சி நடுங்கும் மனத்தைக் கொண்டு அளக்கக்கூடாது; நியாய உணர்வும் திடமும் கொண்ட மனிதரைக் கொண்டு அளக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு ஏற்ற அளவுகோல்.

படித்தபோது இரண்டு எண்ணங்கள் எழுந்தன. நீதிபதிகள் பல மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்கள் தீர்ப்பு. நாம் சில பக்கக் கதையைப் பார்க்காமலே சொன்னோம் தீர்ப்பு! இது ஒன்று. மற்றொன்று: அந்தத் திடமான மனிதர் எங்கிருந்து வருவார்? வானத்திலிருந்து குதிப்பாரா? பிறக்கும்போதே திடமனத்தோடு பிறப்பாரா? இல்லை. பயிற்றித்தான் ஆக வேண்டும். எங்கே? வகுப்பறையிலே! மேடையிலே நாம் கேட்ட கேள்விக்கு, மாணவன் பாடநூலை மூடிவைக்க முடியாதே என்ற கேள்விக்கு, விடை இங்கேதான் இருக்கிறது. மூடிவைக்க முடியாது என்பதால்தான் வகுப்பறைக்கு ஆசிரியர் இருக்கிறார். தனியே இருட்டிலே தள்ளுவதற்கு அல்ல, கூடவே நடப்பதற்கு.

2022-ஆம் ஆண்டு சூன் திங்களிலே அமேசான் பிரைம் தளத்தில் 'சுழல்' என்ற தொடர் வந்தது. புஷ்கர்–காயத்ரி எழுதியது. மயானக் கொள்ளைத் திருவிழாப் பின்னணியிலே, காணாமற்போன பெண்ணைத் தேடும் கதை. தேடல் போய்ச் சேருமிடம், வீட்டுக்குள்ளேயே குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமை. நாம் அப்போது ஒரு பள்ளியிலே ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் பலர் கைபேசியிலே அதைப் பார்த்துவிட்டிருந்தார்கள். இணையத் தொடர்களை வயதுக்கேற்ப ஐந்து வகையாகப் பிரிக்க வேண்டும் என்று 2021-இல் வந்த விதி சொல்கிறது. நல்ல விதிதான். கைபேசி அதைக் கேட்கிறதா? பையன் ஒருவன் சில இரவுகள் தூங்கவே இல்லை என்று அவன் தாய் வந்து முறையிட்டார். அந்த முறையீட்டிலே நியாயம் இருந்தது. வயதுக்கு மீறியதைத் தனியாகப் பார்த்தால் பிஞ்சு மனம் வெதும்பத்தான் செய்யும். அதை மறுப்பவர்கள் நாம் அல்லோம்.

ஆனால் பார்த்தாயிற்றே! இனி என்ன செய்வது? நம் பண்பாட்டுக்கு ஒவ்வாத பேச்சு, வகுப்பிலே வேண்டா என்றார்கள் சிலர். எது நம் பண்பாடு? மெய்ப்பாடு எட்டு என்ற தொல்காப்பியம் நகையையும் உவகையையும் மட்டுமா சொன்னது? அழுகையையும் இளிவரலையும் அச்சத்தையும் சேர்த்தல்லவா சொன்னது! வறுமை அழுகைக்கு நிலைக்களன் என்றும், பிணி இளிவரலுக்கு நிலைக்களன் என்றும் வகுத்ததே! மணிமேகலை நம்மைச் சுடுகாட்டுக்குள்ளேயே அழைத்துச் செல்லவில்லையா? இருட்டைக் கண்டு இமை மூடியவர்கள் அல்லர் நம் முன்னோர்.

ஒரு பாடவேளையை ஒதுக்கினோம். காட்சிகளை விவரிக்கவில்லை. மூன்றே கேள்விகளைக் கரும்பலகையிலே எழுதினோம். இந்தக் கொடுமையைக் காட்டுபவர் அதை விரும்பச் சொல்கிறாரா, வெறுக்கச் சொல்கிறாரா? யார் பார்வையிலிருந்து கதை நடக்கிறது? கதையிலே பேசாமல் இருப்பவர் யார், ஏன்? முதல் இரண்டுக்கும் விடைகள் விரைந்து வந்தன. மூன்றாவதிலே வகுப்பு தயங்கியது. "அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லியிருக்கலாமே மிஸ், அவ மேலேயும் தப்பு இருக்கு" என்றான் ஒருவன். அவன் குரலிலே நம் குரலைக் கேட்டோம்! அம்மாளுவை ஒரே வரியிலே தூக்கி எறிந்த குரல்! அவனைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமை ஏது? சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள் என்று கதையிலிருந்தே காட்டு என்றோம். தேடினான். காட்ட முடியவில்லை. தானே தலைகுனிந்து உட்கார்ந்தான்.

மணி அடித்தது. எல்லாரும் போனார்கள். ஒருத்தி மட்டும் போகவில்லை. புத்தகங்களை மெல்ல மெல்ல அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மிஸ்... நிஜத்துல சொன்னா நம்புவாங்களா?"

அது கதையைப் பற்றிய கேள்வி அன்று என்பது கேட்டவுடனே தெரிந்தது. "நான் நம்புவேன்" என்றோம். 'நாம்' என்று எழுதிப் பழகிய நமக்கு, அன்று அந்த ஒரு சொல்தான் வாயிலே வந்தது.

அவள் சொன்னாள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், இத்தகைய கொடுமையை அறிந்தவர் அறிவித்தே ஆகவேண்டும் என்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. அறிவிக்க வேண்டியவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. அவள் இன்று நலமாகப் படிக்கிறாள். இதற்குமேல் எழுதும் உரிமை நமக்கு இல்லை. அது அவள் கதை.

ஆனால் ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள், அன்பர்களே! மேடையிலே நாம் முழங்கியபடி நடந்திருந்தால்? இருண்ட கதை வேண்டா என்று வகுப்பறைக் கதவை அடைத்திருந்தால்? தொடரைப் பார்த்த பிள்ளைகள் மூலையிலே கிசுகிசுத்துச் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவள் இன்னும் இறுக வாய் மூடியிருப்பாள். பாட்டியின் தெருவிலே ஒருத்திக்கு நேர்ந்தது போல, அவளுக்கும் காது கொடுக்க யாருமில்லாமல் போயிருக்கும்.

பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் காட்டுங்கள் என்று சொல்லவில்லை. வயது பார்க்க வேண்டும்; மனம் பார்க்க வேண்டும்; வகுப்பிலே யாருக்கு வலிக்கும் என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். ஆனால் பூட்டு ஒன்றே கல்வி ஆகாது. கொடுமையைக் காட்டுவது வேறு, கொடுமையைக் கொண்டாடுவது வேறு என்று பிரித்தறியும் கண்ணை மாணவருக்குத் தருவதே கல்வி. அந்தக் கண் கிடைத்தவர் 'பொன்னகர'த்தையும் படிப்பார். நெடுந்தொடரின் நஞ்சையும் அடையாளம் காண்பார்.

கேடயம் இன்னும் கூடத்திலேதான் இருக்கிறது. அம்மா அதை எடுக்க விடுவதில்லை. ஆகவே அதன் அருகிலே, தோழி தந்த அந்த நகல் தாள்களை அட்டை போட்டு வைத்திருக்கிறோம். இப்போதெல்லாம் விருந்தினர் வந்தால் நாம் அடுக்களைக்குள் ஒளிவதில்லை. கேடயத்தைப் பற்றிக் கேட்பவர்களிடம் தாள்களை எடுத்துக் கொடுக்கிறோம். அவள் சொன்னதையே சொல்கிறோம்:

முதலில் படியுங்கள். அப்புறம் பேசலாம்!